கடைசிப் பாராவில் ஒழுகிய கூரை

ஜனவரி 13, திங்கள்

போகி. வடிவு விடிந்ததிலிருந்து வீட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நைந்த பாய், பிடி போன வாளி, எங்கள் மகள் பள்ளிக்குக் கொண்டுபோன கூடை எல்லாம் வாசலுக்குப் போயின. எரிக்கக் கூடாது, நகராட்சி வண்டியில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தாவரவியல் பேராசிரியர் வீட்டு வாசலில் புகை எழும்பினால் நன்றாக இருக்காது.

"சரி, உங்க பங்குக்கு என்னத்தக் கழிக்கப் போறிய?" என்றாள்.

என் போன் ஒரு வாரமாக இடமில்லை, இடமில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கிறது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் விளம்பர மெயில்களை அழித்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. தேடும் கட்டத்தில் எஸ்தர் நவமணி என்று அடித்தேன். எங்கள் கல்லூரியின் முந்தைய முதல்வர். எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்து ஆண்டுவிட்டு, சென்ற மே மாதம் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்குப் போனவர். அவர் பெயர் இருந்த மெயில்கள் திரை திரையாக வந்தன. எல்லாவற்றையும் ஒரே பிடியாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு மாதம் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்றது போன். அங்கு மட்டும் அந்தப் பெயர் எதற்கு? தொட்டியையும் காலி செய்தேன்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மாளின் சுற்றறிக்கை எதுவும் அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை.

இவ்வளவு நிறைவான போகியை நான் கொண்டாடியதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நெய் குறைவு. சொல்லவில்லை.

ஜனவரி 20, திங்கள்

விடுமுறை முடிந்து போனால் மேசைமேல் கல்லூரிச் செயலரின் உறையிட்ட கடிதம். கார்த்திகை மழையில் ஹெர்பேரியம் அறையின் கூரை ஒழுகி, உலர்த்தி ஒட்டி வைத்த செடித் தாள்கள் பூஞ்சை பிடித்து அழிந்ததற்குத் துறைத்தலைவரான நான் ஏன் பொறுப்பில்லை என்று விளக்க வேண்டுமாம். பிப்ரவரி ஆறாம் தேதி விசாரணை. திருப்தியில்லாவிட்டால் ஹெர்பேரியத்தின் பொறுப்பு வேறொருவருக்குப் போகும்.

வேறொருவர். பொதிகையில் நான் அட்டை கடித்த காலோடு ஏறி இறங்கிச் சேர்த்த செடிகள் அவை. மழை பெய்த அன்று நானே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அலமாரிகளை இழுத்தேன். மிஞ்சிய தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டில், சோபா, பூஜை அலமாரி என்று பரப்பி மின்விசிறியில் உலர்த்தினேன். "மனுசன் படுக்கணுமா, செடி படுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே வடிவு தன் பட்டுச் சேலைகளுக்கு இடையில் இருந்த உறிஞ்சுதாள்களை எடுத்துக் கொடுத்தாள்.

கடிதத்தைப் படித்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கூரையைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் நான் முதல்வருக்கு மெயில் எழுதியிருக்கிறேன். தேதியோடு இருக்கும். போனைத் திறந்தேன்.

இல்லை.

'அனுப்பியவை'யிலும் இல்லை. அவர் பெயரைத் தேடியபோது எனக்கு அவர் அனுப்பியவை மட்டுமல்ல, அவருக்கு நான் அனுப்பியவையும் சேர்ந்து வந்திருக்கின்றன. துறைக் கணினியைத் திறந்தேன். போனில் அழித்தால் கணினியில் இருக்கத்தானே வேண்டும்? அங்கும் இல்லை.

மதியம் சாப்பிடவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

கணினித் துறை பீர் முகமதுவைப் பார்த்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். யாரைப் பற்றியும் புறம் பேசாத ஒரே ஆசிரியர் இந்தக் கல்லூரியில் அவர்தான். அதனாலேயே அவரிடம் நான் அதிகம் பேசுவதில்லை.

"தொட்டியையும் காலி பண்ணிட்டியளா சார்?"

"ஆமா."

"அதுலயாவது விட்டு வச்சிருக்கலாமே. நான் ஒரு நிமிசத்துல எடுத்துத் தந்திருப்பேன்."

"கணினியில ஏன் இல்ல?"

"போன்ல பாக்கிறதும் கம்ப்யூட்டர்ல பாக்கிறதும் ஒரே பெட்டிதான் சார். ரூம் ஒண்ணு, ஜன்னல் ரெண்டு. இந்த ஜன்னல் வழியா தூக்கிப் போட்டா அந்த ஜன்னல்ல எப்படித் தெரியும்?"

இதை நான் மூன்று பருவம் பாடம் நடத்தினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"காலேஜ் மெயில்ல இருந்து அனுப்பியிருந்தீங்கன்னா, நிர்வாகி கணக்கு எங்கிட்டதான் இருக்கு. தொட்டி காலியானாலும் கொஞ்ச நாளைக்கு மீட்கலாம். நீங்க ஏன் சார் சொந்த மெயில்ல இருந்து, மேடத்தோட சொந்த மெயிலுக்கு அனுப்புனீங்க?"

"காலேஜ் மெயில அந்த அம்மா படிச்சிருவாங்கன்னுதான்."

பீர் முகமது என்னையே பார்த்தார். "சார், அந்த மேடத்துக்குத்தானே அனுப்புனீங்க?"

பாதுகாப்பு என்ற தத்துவம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் சிரிக்கவில்லை. அது பெருந்தன்மை.

ஜனவரி 23, வியாழன்

அழிந்த மெயிலை மீட்டுத் தருவதாகச் சொல்லும் செயலிகள் சிலவற்றை இறக்கிப் பார்த்தேன். ஒன்று மகளின் கல்யாணப் படங்களை மீட்டுத் தந்தது. அவை அழியவே இல்லை. மற்றொன்று என் தொடர்பு எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது. பீர் முகமது என் கையிலிருந்து போனை வாங்கி எல்லாவற்றையும் நீக்கினார். "இதெல்லாம் போன்ல இருக்கிற படத்தைத் தோண்டும் சார். மெயில் இருந்தது போன்லயே இல்ல. அது எங்கயோ இருக்கிற அவங்க கம்ப்யூட்டர்ல இருந்தது." மெயில் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் இருப்பதாகச் சொல்லி, என்னோடு உட்கார்ந்து அதை அனுப்பியும் வைத்தார்.

பதில் மாலையே வந்தது. மன்னிக்கவும், மீட்க இயலவில்லை.

"இன்னும் ஒரு வழி இருக்கு சார்" என்றார் கிளம்பும்போது. "அனுப்புன மெயில் ரெண்டு பேர்கிட்ட இருக்கும். உங்க பக்கம் போச்சு. அந்தப் பக்கம் போகலையே."

ஜனவரி 24, வெள்ளி

அந்தப் பக்கத்திடம் கேட்பதைவிட ஹெர்பேரியத்தையே கொடுத்துவிடலாம்.

ஜனவரி 25, சனி

கொடுக்க முடியாது. காலையில் மிஞ்சிய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முண்டந்துறை ஓடைக்கரையில் எடுத்த சிறு ஆர்க்கிட் ஒன்று பூஞ்சை படாமல் அப்படியே இருக்கிறது. இதை வேறொருவர் கையில் நினைத்துப் பார்த்தேன். அவர் இதைத் தலைகீழாக அடுக்குவார்.

ஆகவே நவமணி அம்மாளுக்கு ஒரு மெயில் எழுதினேன். முதல்வர் தேர்வின்போது நடந்த அநீதியிலிருந்து தொடங்கி, பின்னணியை முறையாக விளக்கி, இறுதியில் கோரிக்கையை வைத்தேன். அனுப்புமுன் பீர் முகமதுவிடம் காட்டினேன்.

"சார், இது உதவி கேக்கிற மெயிலா, குற்றப் பத்திரிகையா?"

வீட்டில் வடிவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "பாளையங்கோட்டைக்கு பஸ் நின்னு போகலையே? நேர்ல போய்க் கேளுங்க. எழுதுனா நீங்க வேற ஆளாயிருதிய."

"என்ன வேற ஆளு?"

"நேர்ல கோவம் வந்தா தண்ணி குடிப்பிய, அடங்கிரும். எழுதும்போது யாரு தண்ணி குடுக்கா?"

எழுந்துவிட்டேன். கீரையில் பாதி தரையில் கிடந்தது, அதைச் சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 27, திங்கள்

போனேன். வடிவு ஒரு பையில் மாங்காய் வத்தல் கொடுத்தனுப்பினாள். அதை பஸ்ஸிலேயே விட்டுவிட நினைத்தேன். விடவில்லை.

கதவைத் திறந்ததும், "அடடே, கோமதிநாயகம் சாரா! வாங்க, வாங்க. கடைசியில தேநீர் குடிக்க வந்துட்டீங்க" என்றார். நான் தேநீருக்கு வரவில்லை என்றேன். "அப்ப காப்பியா?" என்றார். ஓய்வு பெற்றும் இந்த அதிகாரம் போகவில்லை.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னதால் சுருக்கமாக வந்தது. அவர் என்னை ஏளனம் செய்வார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். என் மெயில்கள் அனைத்தும் தனி அறை போட்டு வைத்தது போல ஒரே இடத்தில் இருந்தன. அந்த இடத்துக்கு 'ஞாயிறு' என்று பெயர்.

"அதென்ன ஞாயிறு?"

"உங்க மெயிலை நான் வார நாள்ல திறக்க மாட்டேன் சார். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்த பிறகுதான். அப்பத்தான் ஒரு பொறுமை இருக்கும். அப்பவும் ரெண்டு பாராவுக்கு மேல போனா, காலையில பண்ணின ஜெபமெல்லாம் வீணாயிரும். மூடி வச்சிருவேன்."

"அப்ப கூரை?"

"எந்தக் கூரை?"

ஒரு மெயிலைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். வெகுதூரம் தள்ளினார். பிறகு நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார். அடுத்ததைத் திறந்தார். அதிலும் அடி வரைக்கும் போனார்.

"கடைசிப் பாராவுல இருக்கு" என்றார் மெதுவாக. "எல்லாத்துலயும் கடைசிப் பாரா."

ஆய்வுக் கட்டுரையில் முடிவு கடைசியில்தான் வரும் என்று விளக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அனுப்பி வைக்கிறேன் சார். ஒருதடவை எல்லாத்தையும் முழுசாப் படிச்சிட்டு அனுப்புறேன். இப்பவாவது படிக்கணும்ல" என்றார்.

தேநீர் குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தார்.

ஜனவரி 30, வியாழன்

வரவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. அந்த மெயில்கள் வெளியே வந்தால் யாருக்குக் கெடுதல்? எச்சரிக்கை வந்தும் நடவடிக்கை எடுக்காத முதல்வருக்கு. போதாததற்கு, நிர்வாகக் குழுவில் அவரை உறுப்பினராகச் சேர்க்கப்போவதாகக் கல்லூரியில் பேச்சு. ஒரு தடவை விரலால் தொட்டால் போதும், எல்லாம் போய்விடும். என்னைவிட இது யாருக்குத் தெரியும்?

வடிவு சொல்கிறாள்: "அனுப்புவாவ. வத்தல வாங்கிக்கிட்டாவல்லா?" இவள் தர்க்கத்தை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது.

பிப்ரவரி 1, சனி

வரவில்லை. போனை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதாக வடிவு சொல்வது மிகை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் ஒலித்தது. பிறகு நிற்காமல் ஒலித்தது. ரசம் ஆறிப்போகும்வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

ஞாயிறு. எனக்கு உறைக்கவே இல்லை.

ஒன்றுகூட விடவில்லை. அவரை நான் 'நாற்காலியின் மீது வைக்கப்பட்ட பூந்தொட்டி' என்று எழுதியதையும் அனுப்பியிருக்கிறார். கடைசியாக ஒரு குறிப்பு: "எல்லாம் வந்தனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள் சார். வியாழக்கிழமை நானும் வருகிறேன்."

மாலை முழுவதும் வாசித்தேன். மொழி நன்றாகவே இருக்கிறது. சில இடங்களில் சற்று நீளம். ஒவ்வொன்றுக்கும் அவர் அப்போது அனுப்பியிருந்த பதிலும் கீழே இருந்தது. எல்லாம் ஏறக்குறைய ஒரே வரி: "ஒருநாள் அறைக்கு வாருங்கள் சார், தேநீர் குடித்துக்கொண்டே பேசலாம்." அன்று அதை ஏளனம் என்று எடுத்துக்கொண்டேன். இன்று அதில் ஏளனம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அகப்படவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

புதிய சிக்கல். விசாரணையில் செயலரும் உட்காருவார். சென்ற கோடையில் எழுதிய மெயிலில், கூரைக்கு முந்திய பாராவில், அவரைப் பற்றியும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். ரப்பர் ஸ்டாம்புக்காவது மை வேண்டும், இவருக்கு அதுவும் தேவையில்லை என்று.

அந்தப் பாராவை விட்டுவிட்டு அச்சடித்தால் என்ன என்று பீர் முகமதுவைக் கேட்டேன்.

"வெட்டின மெயில் சாட்சி இல்ல சார். முழுசாக் குடுத்தாத்தான் நம்புவாங்க."

"முழுசாக் குடுத்தா?"

"கூரை விசயத்துல உங்களை விட்டிருவாங்க" என்றார். மீதியைச் சொல்லவில்லை.

அழிந்தது அழிந்ததாகவே இருந்திருக்கலாமோ என்றுகூட இன்று தோன்றியது.

பிப்ரவரி 6, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

விசாரணை அதிகாரி மதுரையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். பக்கத்தில் செயலர். நான் அச்சடித்த கட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். எடுப்பதா வேண்டாமா என்று முடிவாகவில்லை. நவமணி அம்மாள் சாம்பல் நிறக் கைத்தறிச் சேலையில் வந்து எனக்கு எதிர் நாற்காலியில் அமர்ந்தார்.

கூரை பற்றி முன்னரே தெரிவித்தீர்களா என்று அதிகாரி கேட்டார். தெரிவித்தேன் என்றேன். ஆதாரம் என்றார். என் கை பைக்குள் போனது.

"ஆதாரம் எங்கிட்ட இருக்கு சார்" என்றார் நவமணி அம்மாள். "மெயில் வந்தது எனக்கு. நான் வாசிக்கிறேன்."

தன் போனை எடுத்தார். தேதியைச் சொன்னார். பிறகு நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: வடமேற்கு மூலையில் ஓட்டு வரிசை நகர்ந்திருக்கிறது, மழைக்கு முன் மாற்றாவிட்டால் இரண்டாவது அலமாரி நனையும். அடுத்த ஆண்டு: மூலையில் ஈரக்கறை விரிந்திருக்கிறது. அதற்கடுத்த ஆண்டு: இனி தாமதித்தால் இந்தச் செடிகளை மலையில் மறுபடி தேட வேண்டும், சில அங்கேயும் இப்போது இல்லை.

என் வாக்கியங்கள். அவற்றை இன்னொருவர் குரலில் நான் கேட்டதில்லை. முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல், தனியாக நின்றபோது அவை எவ்வளவு தெளிவாக இருந்தன!

செயலர் கையை நீட்டினார். "போனைக் கொஞ்சம் குடுங்க மேடம், முழுசாப் பாத்துடுறேன்."

ரப்பர் ஸ்டாம்பு பாரா அந்தப் போனில்தான் இருந்தது.

நவமணி அம்மாள் போனைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "கூரை பத்தி இருக்கிறதை எல்லாம் வாசிச்சிட்டேன் சார். ஒரு வரி விடல. மிச்சம் ரெண்டு ஆசிரியருங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டது. அது கல்லூரி விசயம் இல்ல." அதிகாரி தலையசைத்தார்.

"அப்படின்னா நீங்க ஏன் நடவடிக்கை எடுக்கல?" என்றார் செயலர்.

சொல்லியிருக்கலாம். 'இந்த மனிதர் எழுதியதைப் பாருங்கள், யாரால் இதை முழுதாகப் படிக்க முடியும்?' என்று போனைத் தூக்கி மேசைமேல் வைத்திருக்கலாம். நானாயிருந்தால் வைத்திருப்பேன். நிச்சயமாக வைத்திருப்பேன்.

"நான் கடைசிவரைக்கும் படிக்கல" என்றார். "முதல்வரா இருந்தா படிச்சிருக்கணும். தப்பு என்னுது. அப்படியே எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஆட்டோவுக்கு நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். பேச நிறைய இருந்தது. "வத்தல் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லாயிருந்தது. வீட்டம்மா கை மணம்" என்றார். ஆட்டோ வந்துவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

ஹெர்பேரியம் என்னிடமே இருக்கும் என்று உத்தரவு வந்தது. கூரை வேலை கோடையில். வடிவு பால்பாயசம் வைத்தாள். பட்டுச் சேலைகளுக்கு இடையில் அந்த உறிஞ்சுதாள்களை மறுபடி அடுக்கும் நாள் எப்போது என்று கேட்டாள்.

பீர் முகமது சாயங்காலம் சொன்னார்: நிர்வாகக் குழுப் பட்டியலில் நவமணி அம்மாள் பெயர் இல்லை. "மேடத்துக்கு இது முன்னாடியே தெரியும் சார். ஒருதடவை தொட்டு அழிச்சிருந்தா..." என்று நிறுத்தினார்.

"தெரியும்" என்றேன்.

அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதில் உட்கார்ந்திருந்தால் நேற்று அவர் செய்ததை நான் செய்திருப்பேனா என்பது வேறு கேள்வி. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையிலிருந்து நவமணி அம்மாளுக்கு ஒரு மெயில் எழுதினேன். விசாரணை முறையின் குறைபாடுகளில் தொடங்கியது. வடிவு ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். குடித்தேன். முதல் பாராவை அழித்தேன். பிறகு இரண்டாவதை. கடைசியில் ஒரு வரி மிஞ்சியது.

கோயில் முடிந்து வீடு வந்திருப்பார் என்று தோன்றிய நேரத்தில் அனுப்பினேன். "மேடம், மிக்க நன்றி. அடுத்த வாரம் தேநீருக்கு வரலாமா?"

பதில் உடனே வந்தது.

"தாராளமாக வாருங்கள் சார். முதல் தடவையாக, வந்த அன்றே கடைசிப் பாராவரை படித்துவிட்டேன்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல. வடிவு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு மெயிலு?" என்றாள்.

"காலேஜ் விசயம்" என்றேன்.

போன் மறுபடி இடமில்லை என்கிறது. மகளின் கல்யாணப் படங்களில் ஒன்றே போல இருப்பவை நிறைய உண்டு. அவற்றில் சிலவற்றை அழித்தேன்.